றோசலின் சாப்பிடப் போன நாள்

காதலுக்கு மேசை போடுவதில் றோசலினை மிஞ்சத் திம்புள்ளப் பக்கம் ஆள் கிடையாது. பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக மாற்றியவர்கள் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவளை அறை கூட்டுவதற்குத்தான் எடுத்தார்கள். இப்போது கொழும்பிலிருந்து வரும் ஜோடிகளின் விருந்து முழுக்க அவள் பொறுப்பு. தேயிலைக்கு நடுவே மேசை, வெள்ளை விரிப்பு, நான்கு மெழுகுதிரி, கட்டிலில் துவாலையால் செய்த இரண்டு அன்னங்கள். அன்னங்களின் கழுத்தை வளைத்து முத்தமிட வைக்க அவளுக்கு ஒரு நிமிடம் போதும். அந்தக் கட்டிலுக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுப்பார்கள்.

மலைநாட்டுக் காதலைப் பற்றிக் கொழும்பில் என்னென்னவோ சொல்கிறார்கள். றோசலின் பார்த்ததெல்லாம் பனிமூட்டமும் அட்டைக்கடியும்தான். ஜோடி நாற்பது படம் எடுத்துவிட்டு, ஆறிப்போன சூப்பை ஆறிவிட்டது என்று திருப்பி அனுப்பும். போன மாதம் ஒருவர் மோதிரத்தோடு மண்டியிட்டார். முழங்காலில் மூன்று அட்டை. அந்தப் பெண் அலறிக்கொண்டு பங்களாவுக்குள் ஓடிவிட, றோசலின் சவர்க்காரத் தண்ணீரோடு அவர் காலடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். ஹோட்டல் படக்காரர் அதையும் எடுத்து வைத்திருக்கிறார். பார்த்தால் றோசலின்தான் அந்த மனுசனிடம் கலியாணம் கேட்பது போல இருக்கும்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. நான்கு பேர் கலியாணம் பேசி வந்தார்கள். நான்கு பேரும் பங்களா வேலையை விடச் சொன்னார்கள். அவள் அவர்களை விட்டாள்.

ஐந்தாவது ஆள் மரியரட்ணம். பட்டிப்பொல ரயில் நிலையத்தில் வேலை, மனைவி இறந்து ஆறு வருடம். ஹோட்டலுக்கு வந்த வெள்ளைக்காரி ஒருத்தி அங்கே கைப்பையை விட்டுப் போனதால், எடுத்து வைத்திருப்பதாகப் போன் பண்ணினார்; ஹோட்டலில் போனை எடுத்தவள் றோசலின். பிறகு பை வந்து சேர்ந்ததா என்று கேட்கப் பண்ணினார். அப்புறம், பைக்குச் சொந்தக்காரி ஊருக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று. காரணங்கள் தீர்ந்துபோன பிறகும் பண்ணினார். இப்படி எட்டு மாதம் போனபின், கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு, "பதில போன்ல சொல்ல வேணாம். அட்டன்ல சாப்பிடலாம் வாங்க" என்றார்.

அட்டன் நகரத்தில் ஒரு ஆணும் பெண்ணும் ஒரே மேசையில் தேத்தண்ணீர் குடித்தால், அடுத்த மஸ்கெலியா பஸ் ஊர் போய்ச் சேருமுன் செய்தி தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் போய்விடும். றோசலினின் ஆட்கள் இருப்பது மஸ்கெலியாவில். அவர்களுக்குத் தெரிந்தால் யோசிக்க விடமாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் மாதா கோயிலில் கலியாண ஓலை வாசித்துவிடுவார்கள். ஆகவே கமறியா அக்கா நடத்தும் சாப்பாட்டுக் கடை. அதன் மாடியில் திரை போட்ட நான்கு தடுப்புகள். வாசலில் 'குடும்ப அறை' என்று பலகை. இன்னும் குடும்பமாகாதவர்கள்தான் அங்கே அதிகம் வருவார்கள்.

உட்கார்ந்த உடனே றோசலின் மேசையைத் துடைத்தாள். கரண்டிகளை நேராக்கினாள். கமறியா ரோல்ஸ் தட்டோடு வந்ததும் எழுந்து அதை வாங்கி, மரியரட்ணத்தின் இடப்பக்கமாக நின்று பரிமாறினாள்.

"கொஞ்சம் உக்காருங்களேன். எனக்குப் பயமா இருக்கு" என்றார் அவர்.

உட்கார்ந்தாள். வேலையை விடச் சொல்வீர்களா என்று கேட்கத்தான் வந்திருந்தாள். மனுசன் ரோல்ஸைப் பாதியாகப் பிய்த்துப் பெரிய பாதியை அவள் பக்கம் தள்ளினார். அதைப் பார்த்ததும் கேட்க மனம் வரவில்லை. இவரும் அந்த நான்கு பேரைப் போலவே பதில் சொல்லிவிட்டால்? கேட்பதற்குப் பதிலாகக் காலித் தட்டை எடுத்து அடுக்கினாள்.

அப்போது திரை விலகியது. லயத்தில் மூன்றாம் வீட்டுப் பேச்சியம்மா. ஆஸ்பத்திரியில் கண் காட்டிவிட்டு, கால் நீட்ட இடம் தேடி வந்தவர்.

றோசலின் கையில் தட்டோடு எழுந்து நின்றாள். வாய் தானாக வேலை பார்த்தது.

"வேற என்ன வேணுங்க சார்?"

மரியரட்ணம் கையிலிருந்த ரோல்ஸை மேசையில் வைத்தார்.

"அடியே, நீ இங்கயா வேலை செய்யுற? பங்களாவுல தொரத்திட்டாங்களா?" என்றார் பேச்சியம்மா. பதிலுக்குக் காத்திராமல் பக்கத்துத் தடுப்பில் போய் உட்கார்ந்தார். "எனக்கு ஒரு பால் தேத்தண்ணி. சீனி தூக்கலாப் போடச் சொல்லு. முதல்ல அந்த சாரக் கவனி, பாவம், மூஞ்சி செத்துக் கெடக்கு."

றோசலின் கீழே போனாள்.

"தங்கச்சி, நான் உன்ன வேலைக்கு எடுத்ததா ஞாபகமில்லையே" என்றாள் கமறியா.

"ஒரு பால் தேத்தண்ணி குடுங்கக்கா."

"அந்த மனுசன் அவ்வளவு தூரம் ரயில்ல வந்திருக்காரு. நீ அவர கடைக்கு வந்த யாவார ஆளாக்கிட்டு வந்து நிக்கிற." சொல்லிக்கொண்டே கோப்பையை நீட்டினாள்.

மேலே வந்தபோது மரியரட்ணம் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு நின்றார். "பில்லக் கொண்டாங்க மிஸ். ரயிலுக்கு நேரமாச்சு." குரலில் விளையாட்டு இல்லை. இவர் இந்தப் படி இறங்கினால் இனிப் போன் வராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கோப்பையைப் பேச்சியம்மா முன் வைத்தாள்.

"அக்கா, நான் இங்க வேலை செய்யல. அவரு என்னையக் கட்டிக்கக் கேட்டு வந்திருக்காரு."

பேச்சியம்மா ஒரு வாய் குடித்தார். "அப்ப எதுக்கு எனக்குத் தேத்தண்ணி கொண்டாந்த?"

"நீங்க கேட்டீங்க, கொண்டாந்தேன்."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சு." கோப்பையோடு எழுந்து வந்து, மரியரட்ணத்தை ஜெர்சியிலிருந்து சப்பாத்து வரை பார்த்தார். "தம்பிக்கு எங்க வேலை?"

"பட்டிப்பொல ஸ்டேஷன்லங்க. சிக்னல் பாக்குறேன்."

"இவள வேலைய விடச் சொல்லுவீங்களா? இப்பவே சொல்லிடுங்க. முன்ன நாலு பேரு கேட்டு மானங்கெட்டுப் போனாங்க."

றோசலின் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விட்டுட்டு அந்தக் குளிர்ல வந்து என்ன பண்ணுவாங்க? எனக்குக் கொடி புடிச்சுக் குடுப்பாங்களா?" என்றார் மரியரட்ணம். "தலவாக்கலைக்கு மாத்தம் கேட்டிருக்கேன். பங்களாவுக்குக் கிட்ட. அதச் சொல்லத்தான் வந்தேன். இவங்க ஆர்டர் எடுத்துக்கிட்டே இருந்தாங்க."

றோசலின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவள் பங்கு ரோல்ஸ் ஆறியிருந்தது. எடுத்துக் கடித்தாள்.

பேச்சியம்மா பஸ் வரும்வரை பொறுக்கவில்லை. தன் தடுப்புக்குப் போய் லயத்துக்குப் போன் போட்டார். "காளியாயி, நான்தான். நம்ம றோசலினுக்குச் சரியாயிருச்சு. மாப்பிள்ள ஸ்டேஷன் மாஸ்டராம். சித்திரையில கலியாணம்."

மரியரட்ணம் குரலைத் தாழ்த்தினார். "நான் மாஸ்டர் இல்லையே. போய்ச் சொல்லட்டுமா?"

"அது இருக்கட்டும்" என்றாள் றோசலின் வாயில் ரோல்ஸோடு. "மாசத்த மட்டும் மாத்தச் சொல்லுங்க. ஏப்ரல் நுவரெலியா சீசன், எனக்கு லீவு கெடைக்காது. மே மாசம்னு சொல்லச் சொல்லுங்க."