மடிக்கு வந்த பிள்ளைகள்

டைப் அடிப்பவருக்கு விரல் மட்டும்தான் வேலையில் இருக்கும். மனசு அதுபாட்டுக்கு எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். கார்பன் தாளில் கை கறுத்த என் இனத்தாருக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். பக்கத்துத் தெருவில் பகல் முழுக்கத் தறிச்சத்தம். அதன் தாளத்திலேயே கிரயம், பாகப்பிரிவினை என்று அரைத்தூக்கத்தில் அடித்துத் தள்ளுவேன். பிள்ளையைத் தத்தெடுக்க யாராவது வந்தால் மட்டும் மிஷின் தானாக மெதுவாகும்.

அக்கா மடி

தங்கையின் மூன்றாவது பிள்ளையைத் தத்தெடுக்க ஒரு அக்கா வந்திருந்தாள். "பெத்தவ கையால குடுக்கணும், இவ கையால வாங்கணும். வெறும் பத்திரம் செல்லாது" என்றார் வக்கீல். இருவரும் அங்கேயே எழுந்து நின்றார்கள். பிள்ளை நல்ல தூக்கம். ஜன்னல் வெயில் அதன் உள்ளங்காலில் விழுந்து, இந்த மடியிலிருந்து அந்த மடிக்கு அதுவும் கூடவே போனது போலிருந்தது எனக்கு. கொடுத்தவளுக்கு மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. அவள் வாசலுக்கு நகர்ந்தபோது அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, எங்கன போற? முழிச்சா உன்னையத்தான் தேடும். பால்குடி மறக்குத வரைக்கும் நீயும் எங்க வீட்லயே இரி."

இன்ஷியல்

மேலநீலிதநல்லூர் விவசாயி ஒருவரும் அவர் மனைவியும், இறந்துபோன சிநேகிதரின் மகளைக் கூட்டிவந்தார்கள். ஒன்பது வயதிருக்கும். தாயும் சம்மதித்துக் கூடவே வந்திருந்தாள். இனிமேல் இன்ஷியல் மாறும் என்று வக்கீல் சொன்னதும் அந்தப் பிள்ளை, "எங்க அய்யா எழுத்த எடுத்துராதீய" என்று அழ ஆரம்பித்தது. நான் விரலை எழுத்துகளின் மேல் வைத்தபடியே இருந்தேன். விவசாயி துண்டால் அதன் முகத்தைத் துடைத்துவிட்டு வக்கீலிடம் கேட்டார்:

"அவன் எழுத்து முன்னால இருக்கட்டும், எனக்குப் பின்னால ஒரு எடம் போதும். ரெண்டு எழுத்து இருந்தா பள்ளிக்கூடத்துல சேக்க மாட்டேன்னா சொல்லுவாவ?"

கோர்ட் வைத்த பேர்

தறிக்கார பாயும் அவர் மனைவியும் தாயில்லாத தங்கச்சி மகனை வளர்த்துவந்தார்கள். அவர்கள் சட்டத்தில் தத்து இல்லை, கோர்ட் மூலம் பாதுகாவலராகத்தான் ஆகலாம் என்று வக்கீல் விளக்கினார். பாய் முகம் வாடிப்போனது. அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீ டைப் அடி, தங்கச்சி. ராத்திரி பயந்து முழிச்சா 'பாதுகாவலரே'ன்னா கூப்பிடப் போறான்? உம்மான்னுதான கூப்பிடுவான்."

சாடை

திருவேங்கடம் ஊர் டீச்சர் ஒருவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். அனாதை இல்லத்துப் பெண்குழந்தை ஒன்றைக் கேட்டு மனுப் போட்டார். ஒற்றைப் பொம்பளை எப்படி வளர்ப்பாய் என்று உறவெல்லாம் ஏசியது. உத்தரவு கிடைக்காதோ என்று இளைத்தே போனார். கிடைத்த அன்று துணைக்கு நானும் திருநெல்வேலி போயிருந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் சாயங்காலக் காற்று. வெளியே கரிசல் நீலமாகிக்கொண்டு வந்தது. குழந்தை டீச்சர் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கியது. அந்த பஸ் எந்த ஊரிலும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கக்கூடாதா என்று தோன்றியது எனக்கு.

பக்கத்திலிருந்த பூக்காரி, "பிள்ள உங்க சாடையாட்டு இல்லையேம்மா, யாரக் கொண்டிருக்கு?" என்றாள். டீச்சர் குழந்தையின் நெற்றியை ஒருதரம் பார்த்தார்.

"எங்க அம்மாவக் கொண்டிருக்கா."

எந்த வழியாக வந்த பிள்ளையானாலும், வீடு போய்ச் சேர்ந்ததும் சோற்றைத் துப்பிவிட்டு அம்மாவை ஓடவிடும் என்பதை மட்டும் நான் எந்தப் பத்திரத்திலும் டைப் அடித்ததில்லை.