கருப்பாயி கேட்ட தண்ணீர்

இந்த ஊரில் ஒருவருக்கு அம்மை வார்த்துவிட்டால் அவருடைய பெயர் காணாமல் போய்விடுகிறது. புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கு வந்து சேர்ந்த இரண்டாம் மாதம் இதைக் கண்டேன். எதிர்வீட்டு மீனாட்சியிடம், "கருப்பாயிக்கு எப்படி இருக்கு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். என் வாயைப் பொத்தாத குறையாகப் பதறினாள். "பேரச் சொல்லாதீங்க! ஆத்தா வந்திருக்கு. கும்பிட்டுட்டு அங்கிட்டுப் போயிருங்க." கருப்பாயி நெல் குத்திப் பிழைப்பவள்; தனிக்கட்டை. முந்தின வாரம்வரை ஊரே அவளை "ஏய்" என்றுதான் கூப்பிட்டது. இப்போது அவள் குடிசை வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, தெருவின் மறுபக்கம் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமியாகிவிட்டவளுக்குத் தாகம் எடுக்காது என்று நினைத்தார்களோ என்னவோ, உள்ளே போக ஒருவரும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் ரங்கூனில் பிறந்து வளர்ந்தவள். அங்கே அம்மை கண்டவர்களை முனிசிபாலிட்டி வண்டி ஏற்றிக்கொண்டு போய்விடும். பர்மாக்காரர்களுக்கு நான் 'கலா', அதாவது வெளிநாட்டுக்காரி. திருமயத்துக்குப் பக்கத்திலுள்ள என் கணவரின் ஊரான இங்கே நான் 'ரங்கூன்காரி'. ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்த பிறகு காட்டுவழியாக நடந்தே வந்தோம். அந்த வழியில் நடந்த ஒன்றை நான் இங்கே எவரிடமும் சொல்லவில்லை. என்னோடு நடந்து வந்து திக்குக்கு ஒருவராகச் சிதறியவர்கள் இதைப் படித்தால் ஏசமாட்டார்கள். அவர்களிடமும் சொல்லாதது ஏதாவது இருக்கும். உச்சி வெயிலில், மூங்கில் புதரோரம் ஒரு தமிழ்ப் பெண் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. "தாயி, ஒரு வாய்த் தண்ணி," என்றாள். என் கையிலிருந்த தகர டப்பாவில் பாதிக்குமேல் தண்ணீர் இருந்தது. "பாக்காத, நட," என்றார் கணவர். அவர்மேல் பழி போடுவது சுலபம். டப்பாவைச் சேலைத் தலைப்பால் மூடியது என் கைதான்.

ரங்கூனில் அம்மை குத்திய தழும்பு என் கையில் இருந்த தைரியத்தில், மறுநாள் ஒரு செம்புத் தண்ணீரோடு கருப்பாயியின் குடிசைக்குள் போனேன். உச்சிப்பொழுது. தெருவில் காக்கைச் சத்தம்கூட இல்லை. உள்ளே வேப்பிலை வாடை, அதற்கு அடியில் இன்னொரு வாடை. அவள் இமைகள் ஒட்டிப்போயிருந்தன. என்னைப் பார்த்திருக்க வழியே இல்லை. நான் வாய் திறக்கவும் இல்லை.

"வந்துட்டியா தாயி," என்றாள். கருப்பாயிக்குக் கரகரத்த குரல். இது அது இல்லை.

"யாரு?" என்றேன்.

"டப்பாவ மூடிட்டுப் போனியே."

வாசல் இரண்டடி தூரம்தான். கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது. இன்னொரு தடவையும் மூடிக்கொண்டு போனால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. உட்கார்ந்தேன். வேப்பிலைக் கொத்தால் உதட்டை நனைத்து, சொட்டுச் சொட்டாக விட்டேன். நாலு மிடறு இறங்கியது. "போதும்டி," என்று சிரித்தாள். ரங்கூன் கோயிலில் எத்தனையோ வெள்ளிக்கிழமை மாவிளக்குப் போட்டிருக்கிறேன். சாமி எதிரில் இருக்கிறது என்று உடம்பு சிலிர்த்து நம்பியது அந்தக் குடிசையில்தான். பயமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அதன்பிறகு ஒரு நாள் தவறாமல் போனேன். அந்தக் குரல் மறுபடி கேட்கவில்லை. தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் ஆத்தா இறங்கிவிட்டாள் என்றார்கள். ஊர் பழையபடி "ஏய் கருப்பாயி" என்றது. அவளுக்கு ஒரு கண் போய்விட்டது. அந்த நாட்களில் தான் பேசியது எதுவும் அவளுக்கு நினைவில்லை. இப்போதும் உச்சிவேளையில் நெல் குத்திவிட்டு என் வாசலுக்கு வருகிறாள். 'ஆத்தா' என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கிறேன். மீனாட்சி அதற்காகவே என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"இன்னமும் ஏங்க என்னையப் போயி ஆத்தாங்கிறீங்க? அதான் எறங்கிருச்சே," என்றாள் கருப்பாயி நேற்று.

"எறங்கல. குடிங்க," என்றேன்.

பைத்தியக்காரி என்று நினைத்திருப்பாள். சிரித்துக்கொண்டே அண்ணாந்து குடித்தாள். அவள் தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்கிறவரை நான் இந்த ஊரில் இருக்கிறேன். செம்பைக் கீழே வைத்ததும் அந்த மூங்கில் புதரோரம், மூடிய டப்பாவோடு நிற்கிறேன்.