மாத்திரையில் மூன்று பங்கு

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் முடிவு தெரிந்ததும், அது சிகிச்சை தரும் மருத்துவருக்குத் தாமதமின்றிப் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. சுகாதாரத் துறையில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தபோது அந்தச் சுற்றறிக்கையை எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பியவன் நான். பெற்றுக்கொண்டதாக எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். படித்ததாக யாரும் போடவில்லை. அதற்குப் படிவத்தில் இடமில்லை.

ஓய்வு பெற்று ஏரிக்கரையிலுள்ள கோட்டைக்குப்பத்தில் குடியேறினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஏரியில் மீன்பிடித் தொழில் செய்பவர். இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு படகு. ஒருநாள் வலையை உதறும்போது கெளுத்தி மீன்கள் விழுந்து மூன்று பேர் பாதத்திலும் முள் ஏறியது. இவர் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு வாரத்துக்கு மாத்திரை வாங்கி வந்தார். மற்ற இருவருக்கும் காயம் ஆறிவிட்டது. இவருக்கு வீக்கம் கணுக்காலைத் தாண்டியது.

"இந்த ஆளு இன்னா பண்ணாருன்னு கேளுங்க சார்," என்றார் அவர் மனைவி. "டாக்டர் குடுத்த மாத்திரைய படகுல கூட வர்ற ரெண்டு பேருக்கும் பங்கு போட்டுட்டாரு."

"முள்ளு மூணு பேரத்தான் குத்துச்சு," என்றார் அவர். "நான் மட்டும் முழுங்கிட்டு குந்திக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவர் சாப்பிடக் கூடாது என்று துறையில் ஒரு விதி உண்டு. படகில் ஏறியது எதுவானாலும் சமமாகப் பிரிக்க வேண்டும் என்று இவர்களிடம் ஒரு விதி. இதைத்தான் எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள்.

இவரைத் தாலுகா ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். சீழை மாவட்ட ஆய்வகத்துக்குக் கல்ச்சருக்காக அனுப்பிவிட்டு மருத்துவர் எங்களிடம் விளக்கினார்: சில கிருமிகளின் உடம்பில் ஒரு வகைப் புரதம் இருக்கிறது, உள்ளே நுழையும் மருந்தைப் பம்பு போல வெளியே தள்ளிவிடும். வேறொரு வகைப் புரதம் மருந்தையே உடைத்துப் போடும். எந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகும் என்பதைக் கல்ச்சர்தான் சொல்ல வேண்டும். அதற்குள் அழுகல் மேலே ஏறினால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும்.

மருத்துவர் போனதும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். "பம்புன்னா, போட்டுல ஏறுற தண்ணிய நாங்க எறைச்சு ஊத்துறோமே, அந்த மாதிரியா சார்?"

"அதேதான். மருந்து கொஞ்சமாக வந்தால் இறைத்துக் கொட்டிவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். மொத்தமாக வந்தால் மூழ்கிவிடும்."

"அப்ப கிருமியும் நம்ம ஆளுதான்னு சொல்லுங்க."

"அதுவாச்சும் பங்கு குடுக்காம உசாரா இருக்குது," என்றார் மனைவி. சிரித்துவிட்டு முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

முடிவு வரவில்லை. விதி எண்ணைக் குறிப்பிட்டு ஆய்வகத்துக்கு மனு எழுதி, நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்து ஒப்புகை வாங்கினேன். முடிவை மருத்துவருக்குத்தான் அனுப்புவார்களாம். அனுப்பியும் விட்டார்களாம், இடமாறுதலில் போய்விட்ட முந்தைய மருத்துவரின் பெயருக்கு. திருத்திய பெயருக்கு மறுபடி அனுப்ப மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். அவர் விடுப்பில் இருந்தார். நானாக இருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன், இன்னும் மரியாதையாக.

நடைமுறை முழுவதும் தெரிந்தவனுக்கு அது எங்கே தேவைப்படாது என்பதும் தெரியும். எங்களுக்கு விளக்கிய புதிய மருத்துவரிடம் ஆய்வக மேசையின் நேரடித் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். தொழில்நுட்பர் முடிவைப் பதிவேட்டிலிருந்து வாசிக்க, மருத்துவர் கேஸ் தாளில் எழுதிக்கொண்டார். பழைய மாத்திரைக்கு அந்தக் கிருமி சாகாது. ஓர் ஊசி மருந்துக்குச் சாகும். அன்று மாலையே போட்டார்கள். சுண்டுவிரல் போயிற்று. பாதம் தங்கியது.

படுக்கையில் கிடந்த நாளெல்லாம் கூட்டாளிகள் இருவரும் அவருடைய பங்கை, அவரே தொழிலுக்கு வந்த மாதிரி, குறையாமல் அவர் வீட்டில் கொடுத்தார்கள். மாத்திரையைப் பற்றி அவர்களிடம் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். சொன்னேன், ஆனால் குரலை உயர்த்த முடியவில்லை. "இனிமே மாத்திரைய மட்டும் பிரிக்க மாட்டோம் சார்," என்றார்கள்.

என் மனுவுக்கு ஆய்வகத்திலிருந்து பதிலும் வந்தது. நோயாளி தாமே விண்ணப்பித்தால் பரிசீலிக்கப்படும் என்று இருந்தது. நோயாளியிடம் காட்டலாம் என்று போனால், ஆள் வீட்டில் இல்லை. காலில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு விடியலிலேயே ஏரிக்குப் போயிருந்தார்.