பாட்டு அருமை, மதினி!

ஊரடங்கில் இலஞ்சி வீட்டில் நான் தனியாக மாட்டிக்கொண்டேன். கணவர் கொல்லத்தில், ரயில் இல்லை. சொந்தபந்தங்களோடு தொடர்பு என்றால் குடும்ப வாட்ஸ்அப் குரூப்தான். தினமும் காலையில் ஒரு முருகன் பாட்டைப் பாடி வாய்ஸ் மெசேஜாக அனுப்புவேன். எல்லாரும் கும்பிடு கை போடுவார்கள்.

ஒரு நாள் காய்ச்சலோடு மூச்சும் திணறியது. கண் மங்கி, எழுத்தே தெரியவில்லை. பழகிய விரல் குரூப்பின் மைக்கைத்தான் அழுத்தியது. "மூச்சு விட முடியல, யாராவது ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க" என்று பேசி அனுப்பினேன்.

வரிசையாக வந்தன கும்பிடு கைகள்! செங்கோட்டையில் இருக்கும் என் நாத்தனார், "இன்னைக்குப் பாட்டு அருமை, மதினி" என்று எழுதியிருந்தாள்.

என் இருமலைக் கேட்டுப் பக்கத்து வீட்டு மேரி அக்காதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏட்டி, என்ன செய்யுது?" என்று கத்தினார். பதில் வராததால் அவரே ஆம்புலன்ஸை வரவழைத்தார். தென்காசியில் ஆக்சிஜன் வைத்துத்தான் பிழைத்தேன்.

வீடு திரும்பியதும் நாத்தனாரைப் போனில் பிடித்தேன்.

"தினமும் பாட்டுதானே மதினி அனுப்புதீங்க, அதான் கேக்காமலே போட்டுட்டேன்" என்றாள்.

இத்தனை நாளும் ஒரு பாட்டைக்கூட யாரும் கேட்டதில்லை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றே குரூப்பை விட்டு வெளியேறினேன்.

இப்போது தினமும் யாராவது ஒருவரைப் போனில் கூப்பிட்டுப் பேசுகிறேன். நாத்தனார் இன்னும் எனக்குத் தனியாகக் கும்பிடு கை அனுப்புகிறாள். உடனே கூப்பிட்டுவிடுவேன்.

"கையை அப்புறம் கும்பிடலாம். மொதல்ல வாயத் தொறந்து பேசுட்டி!"