தடையில்லாத திறப்பு

வெப்பச் சலனக் கணக்குப் புத்தகங்களில் ஒரு வரி அடிக்கடி வரும்: 'திறப்பில் தடை ஏதுமில்லை எனக் கொள்க.' அந்த வரியைப் பார்த்தாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. எழுதியவனுக்கென்ன, கொள்க என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவான்.

இரண்டாம் உலக யுத்த காலம். ஆவடியில் ராணுவ டிப்போ வந்து, எங்கள் நிலத்தையும் எடுத்துக்கொண்டது. நெல் விளைந்த இடத்தில் தகரக் கூரை போட்ட கொட்டகைகள் எழும்பின. அவற்றில் ஒன்றில் பெண்கள் தரையில் உட்கார்ந்து, கிழிந்த கூடாரங்களைத் தைத்தார்கள். என் அக்காவும் அவர்களில் ஒருத்தி. புருஷனைப் பறிகொடுத்து, கைக்குழந்தையோடு முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். நான் கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் படித்துவிட்டு அதே டிப்போவின் இன்ஜினியர் ஆபீசில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதமாக வேலைக்கு வந்தாள்.

சித்திரை வெயிலில் அந்தக் கொட்டகைக்குள் ஐந்து நிமிஷம் நின்றால் எனக்கே கண் இருட்டும். பெண்கள் மயங்கி விழுந்தார்கள். அதற்கு டிப்போ கண்டுபிடித்த வைத்தியம் ஒரு சட்டம்: இரண்டாவது முறை மயங்கி விழுபவள் உடம்பளவில் லாயக்கில்லாதவள், வேலையிலிருந்து நீக்கம். அக்கா ஏற்கெனவே ஒரு முறை விழுந்திருந்தாள்.

நான் என் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரையிடம் போய்க் கெஞ்சி, காற்றோட்டக் கணக்கைப் போட அனுமதி வாங்கினேன். தகரம் காய்ந்து அனலை இறக்குகிறது. தரையும் கான்வாஸும் சுடுகின்றன. அவற்றைத் தொட்ட காற்று சூடாகி மேலே ஏறுகிறது. கூரை முகட்டில் வழி விட்டால் அது வெளியேறும், ஆனால் ஈடாகக் கீழே புதுக்காற்று நுழைய வேண்டும். எவ்வளவு காற்று ஓடும் என்பது உள்ளே எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்தது; எவ்வளவு சூடு என்பதோ எவ்வளவு காற்று ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. அதனால் ஒரு விடையை ஊகித்துக்கொண்டு தொடங்கி, ஒத்து வராவிட்டால் மாற்றி ஊகித்து, கணக்குப் போடும் ஸ்லைடு ரூல் அளவுகோல் தேயத் தேயப் போட வேண்டும். துரையின் புத்தகத்திலோ எல்லாக் கணக்கிலும் வெளியே குளிர்காற்று. ஆவடியில் வெளிக்காற்றே கொதிக்கிறது. உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் குறைவு, அதனால் காற்றை உந்தும் விசையும் குறைவு. திறப்புகள் பெரிதாக இருக்க வேண்டும், சுவரின் அடியில் தரையை ஒட்டி இருக்க வேண்டும் என்று விடை வந்தது.

துரை ஒப்புக்கொண்டார். முகட்டைத் திறந்தார்கள், சுவரடியை உடைத்தார்கள். சூடு துளியும் குறையவில்லை.

"உன் கணக்கு தப்பு" என்றார் துரை. மறுபடி போட்டேன். அதே விடை. ஆத்திரத்தோடு கொட்டகைக்கு ஓடினேன். சுவரடித் திறப்பு ஒவ்வொன்றிலும் கோணிச்சாக்கு திணித்திருந்தது.

"அக்கா, யாரு இத அடைச்சது?"

"நாங்கதான்" என்றாள் அக்கா, தையலிலிருந்து தலையைத் தூக்காமல்.

"காத்து வரத்துக்குத்தானே ஓட்டை போட்டுக்கீது? புத்தி கீதா உங்களுக்கு?"

"வெளிய போய்ப் பாருடா. லோடு ஏத்தறவனுங்க அந்த நெழல்லதான் குந்திகினு பீடி புடிக்கிறானுங்க. குனிஞ்சி குனிஞ்சி உள்ள பாக்கறானுங்க. நாங்க கால நீட்டிகினு தைக்கறோம். மானத்த வுட்டுட்டு காத்து வாங்கச் சொல்றியா?"

வெளியே போய்ப் பார்த்தேன். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போகச் சொன்னேன்.

"இன்னா அண்ணாத்தே, நெழலு உன் ஊட்டுதா?" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் பீடியைப் பிடுங்கி எறிந்தேன். டிப்போ மேஸ்திரி வந்து என்னைத்தான் இழுத்துக்கொண்டு போனார். வேறு நிழல் எங்கே இருக்கிறது என்று என்னையே கேட்டார்.

மறுபடி கணக்கில் உட்கார்ந்தேன். திறப்புக்கு முன்னால், வெளிப்புறம் ஒரு முழம் தள்ளி இடுப்பளவு மறைப்புச் சுவர். காற்று வளைந்து வருவதில் கொஞ்சம் வேகம் போகும்; அதற்கேற்பத் திறப்பை இன்னும் அகலப்படுத்தினால் போதும். துரையிடம் கொண்டுபோனேன். செங்கல் இல்லை என்றார். அவர் ஜன்னலுக்கு வெளியே, ஆபீசர்கள் சாப்பிடும் விடுதியின் பூச்செடிகளுக்கு அப்போதுதான் புதுச் செங்கலில் வரம்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைக் கையால் காட்டினேன். போய் வேலையைப் பார் என்றார்.

பிறகு, செலவு வீணாகவில்லை என்று மேலிடத்துக்குக் காட்டவேண்டி வந்ததால், ஒரு மத்தியானம் அவரே வெப்பமானியோடு கொட்டகைக்கு வந்தார். அன்று மட்டும் மேஸ்திரி லோடு ஆட்களை விரட்டிவிட்டுச் சாக்குகளைப் பிடுங்கச் சொல்லியிருந்தார். உள்ளே காற்று நடந்தது. பெண்கள் முந்தானையை எடுத்து முகம் துடைத்தார்கள். பாதரசம் நான் போட்ட விடைக்கே வந்து நின்றது. துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நாளைக்கு அந்த ஆட்கள் வருவார்கள், சாக்கும் திரும்ப ஏறிவிடும். அதையும் எழுதுங்கள்" என்றேன்.

"நான் எழுதுவது வெப்பத்தைப் பற்றி, சாக்கைப் பற்றி அல்ல" என்றார்.

மறுநாளே சாக்கு ஏறியது. அடுத்த வாரம் அக்கா இரண்டாம் முறையாக விழுந்தாள்; வேலை போயிற்று. நான் துரையின் மேஜைக்கு முன்னால் நின்று கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: கொட்டகை குளுமையாக இருக்கிறது, நீயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாய், நானே அளந்திருக்கிறேன், அதிலும் மயங்குகிறாள் என்றால் அவள் உடம்புதான் சரியில்லை. முன்னே விழுந்தவர்களுக்காவது சூட்டைக் காரணம் காட்ட முடிந்தது. அக்காவுக்கு அதுவும் இல்லாமல் செய்தது என் விடை.

வீட்டில் அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன் கணக்கு சரியாத்தானே வந்துச்சு?" என்றாள்.

"ஆமாக்கா."

"அப்ப நான்தான் தப்பு போலக்கீது" என்று சொல்லிவிட்டுக் குழந்தைக்கு விசிற ஆரம்பித்தாள்.