பதினாலாம் மாடிக்கும் பதினைந்தாம் மாடிக்கும் நடுவே

வெள்ளை ரப்பரைத் துருவிய தூளை அட்டையின் மேல் தூவி, மூன்று விரல்களால் வட்டம் வட்டமாக உருட்டுகின்றன அந்தக் கைகள். அழுத்தமே இல்லை. தூள் சாம்பல் நிறமானதும் மெல்லிய தூரிகையால் ஒதுக்கிவிட்டுப் புதுத் தூள் போடுகின்றன. நகங்கள் ஒட்ட வெட்டியவை. மணிக்கட்டுகளில் பழைய சூட்டுத் தழும்புகள், ஏணிப் படிகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று. காபிக் கோப்பை இந்த அறைக்குள் வராது; அது சமையலறையிலேயே ஆறிக்கொண்டிருக்கும்.

"காலர் நல்லாத்தான் இருக்கு. கஃப்தான் நாசம்," என்கிறார்.

புத்தகத்தின் முதுகைத்தான் காலர் என்கிறார். மூலைகள் கஃப். வெர்னா ஜப்லோன்ஸ்கிக்கு வயது அறுபத்து நான்கு. அதில் இருபத்தாறு வருடம் அமெரிக்காவின் இதே டொலீடோ நகரில் ஒரு சலவைக் கடையில் சட்டை தேய்த்தவர். ஊரில் ஆண்கள் அலுவலகத்துக்குச் சட்டை போட்டுப் போவதை நிறுத்தினார்கள், கடையை மூடினார்கள். ஒரு நாள் என் காமிக்ஸ் கடைக்குள் வந்து, சுவரில் தொங்கிய பழைய இதழ்களை மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "இந்த மடிப்பையெல்லாம் இப்படியேவா விப்பே?" என்று கேட்டார். கிழிந்த இதழ் ஒன்றைச் சோதனைக்குக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்துக் கொண்டுவந்தார். அது அச்சகத்திலிருந்து நேராக வந்ததைப்போல இருந்தது. ஒன்பது வருடமாக என் கடையின் தேய்ப்பு வேலை முழுக்க அவருடையது.

கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. பனியனில் படம் ஒட்டுகிறவர்களிடமிருந்து வாங்கிய சூட்டு இயந்திரம் ஒன்று. ஈரப் பஞ்சு வைத்த பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் வலைமேல் கிடந்து புத்தகம் கொஞ்சம் ஈரம் குடிக்கும். ஒட்டாத தாள்கள், அட்டைகள், கடைசியாக எடைக்கு இரும்புத் தட்டுகள். எத்தனை டிகிரி சூடு என்று கேட்டால் "தாளு சொல்லும்" என்பார். தாள் என்னிடம் இதுவரை எதுவும் சொன்னதில்லை.

நான் கடை திறந்த காலத்தில் காமிக்ஸை வாங்கியவன் சுருட்டிப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு போனான். இப்போது மாதா மாதம் வரும் மெல்லிய இதழை ஒரே கதைக்கு ஆறு அட்டை போட்டு விற்கிறார்கள். ஆறையும் வாங்குகிறவன் ஒன்றையும் படிப்பதில்லை. படிக்கிறவன் ஆறு மாதம் பொறுத்திருந்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய தடிப் புத்தகத்தை வாங்குகிறான். சிறுவர்களுக்குத் தடிப் புத்தகம் தவிர வேறு வடிவம் இருப்பதே தெரியாது. மற்றவர்களுக்குக் கைபேசி போதும். மிஞ்சிய பழைய இதழ்கள் வெளிமாநிலத்தில் ஒரு கம்பெனிக்குப் போகின்றன. அவர்கள் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து முத்திரையிட்டு அனுப்புவார்கள். பெட்டியை உடைத்தால் மதிப்பெண் செல்லாது. அதனால் யாரும் உடைக்கமாட்டார்கள். ஒரு மடிப்பு போனால் அரை மதிப்பெண் ஏறும், அதற்குத்தான் வெர்னா.

ஆக, பெட்டிக்குள் போகும் முன் அந்தப் பக்கங்களைக் கடைசியாகப் புரட்டுவது அவருடைய கை.

தேய்ப்பதற்கு முன் பக்கங்களை எண்ணியாக வேண்டும். நடுத்தாள் காணாமல் போயிருக்கலாம், விளம்பரக் கூப்பனை யாராவது வெட்டியிருக்கலாம். எண்ணுவதற்கு ஒரு நிமிடம் போதும். வெர்னா இருபது நிமிடம் எடுத்துக்கொள்வார். காலை பத்து மணிக்குக் கை கழுவி, மூன்று முறை துடைத்து, உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிப்பார். தசை வளர்க்கும் மருந்து விளம்பரம்கூடத் தப்பாது.

ஆனால் எல்லாக் கதையும் அவரிடம் வராது. சந்தைக்கு வேண்டியது மூன்றுதான்: ஒருவன் முதன்முதலாகத் தோன்றும் இதழ், கல்யாண இதழ், செத்துப்போகும் இதழ். மற்றவை என் கடையின் மலிவுப் பெட்டியில் கிடக்கும். அவற்றைத் தேய்க்க யாரும் கூலி கொடுப்பதில்லை.

"எல்லாப் பயலோட பொறப்பும் தெரியும், சாவும் தெரியும்," என்றார் ஒரு முறை. "நடுவுல என்னதான் பண்ணித் தொலைச்சானுங்க?"

நான் வியாழக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போவேன். முடிந்த வேலையை எடுத்துக்கொண்டு புது வேலையைக் கொடுத்துவிட்டு வருவேன். உள்ளே இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருடையது. மற்றதில் இரும்புத் தட்டுகள் அடுக்கியிருக்கும். அதனால் நின்றபடியே பேசிவிட்டு, நாலு நிமிடத்தில் கிளம்பிவிடுவேன். குளிர்காலத்தில் ஒன்றைக் கவனித்தேன்: தெருவில் எல்லார் வீட்டுப் பாதையிலும் தினமும் பனியை ஒதுக்குவார்கள். வெர்னா வீட்டுப் பாதை வியாழக்கிழமை மட்டும் சுத்தமாக இருக்கும்.

இப்போது நாற்பத்தேழாம் இதழைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'கலங்கரை மனிதன்' என்ற தொடர், 1966. துருவேந்தன் என்ற வில்லன் முதன்முதலாகத் தோன்றுவது அதில்தான், எனவே அதற்கு நல்ல கிராக்கி. அவன் தொட்ட இரும்பெல்லாம் துருப்பிடித்து உதிரும். ஒரு பெரிய ஜவுளிக் கடைக்குள் புகுந்து லிஃப்ட்டின் கம்பியைத் தொடுகிறான். லிஃப்ட் பதினாலாம் மாடிக்கும் பதினைந்தாம் மாடிக்கும் நடுவே நின்றுவிடுகிறது. உள்ளே லிஃப்ட் இயக்கும் பெண், தொப்பியும் சீருடையுமாக. கலங்கரை மனிதன் வில்லனைத் துரத்திக்கொண்டு ஜன்னல் வழியே போய்விடுகிறான். கடைசிப் பக்கத்தில், கீழே வலது மூலையில், தபால்தலை அளவுக்கு ஒரு கட்டம். இருட்டில் அந்தப் பெண். "யாராவது இருக்கிறீர்களா?" என்கிறாள். தொடரும்.

ஒன்பது வருடத்தில் அந்த இதழ் பதினொரு முறை வெர்னாவிடம் தேய்ப்புக்கு வந்திருக்கிறது. நாற்பத்தெட்டு ஒரு முறைகூட வந்ததில்லை. அதில் யாரும் பிறக்கவுமில்லை, சாகவுமில்லை.

நாற்பத்தேழைக் கொடுத்த ஒவ்வொருவரிடமும் அவர் கேட்டுவிட்டார். டுவைட் ஹாஃபெக்கர் என்ற கூரைத் தகடு வியாபாரி தன் பிரதியை வாங்கிப்போக வெர்னா வீட்டுக்கே வந்தபோது நானும் இருந்தேன்.

"அந்தப் பொண்ணு வெளிய வந்தாளா?"

"எந்தப் பொண்ணும்மா?"

"லிஃப்ட்டுல மாட்டினவ. கடைசிப் பக்கம், கீழ் மூலை."

"நான் எங்க தொறந்தேன்? தொறந்தா முதுகு விட்டுரும்."

"முதுகு விடாம தொறக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு இது?"

"விக்கத்தான்!" என்று சிரித்தார் டுவைட். "நீங்க வேணா அந்த லிஃப்ட்டையும் கொஞ்சம் தேய்ச்சுப் பாருங்களேன், நகருதான்னு."

அவர் போனபின் வெர்னா வெகுநேரம் தூரிகையைத் தட்டிக்கொண்டிருந்தார். தடிப் புத்தகமாக எல்லாம் வந்திருக்கிறதே, வாங்கிப் படித்துவிடலாமே என்றேன்.

"சலவைக் கடையில வந்த சட்டையைத் தேய்ச்சேன். அடுத்த சட்டை எங்கேன்னு வீடு வீடாவா தேடிப் போனேன்? கைக்கு வரட்டும்ப்பா."

அன்றே கடையில் தடிப் புத்தகத்தை எடுத்து நின்றபடி புரட்டினேன். நாற்பத்தெட்டில் லிஃப்ட் இல்லை. அந்தக் கடையே இல்லை. சண்டை துறைமுகத்துக்குப் போய்விட்டிருந்தது. நாற்பத்தொன்பது, ஐம்பது, அறுபதுவரை பார்த்தேன். எழுதியவர் அவளை மறந்துவிட்டார். புத்தகத்தை அலமாரியில் வைத்தேன். மூன்று வருடம் இதை வெர்னாவிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு வியாழனும் அவர், "நாப்பத்தெட்டு வந்துச்சாப்பா?" என்று கேட்பார். நானும் வரவில்லை என்று தலையாட்டிவிட்டு வருவேன்.

போன பிப்ரவரியில் ஒரு வீட்டின் நிலவறையிலிருந்து பழைய இதழ்களைப் பெட்டி பெட்டியாக வாங்கினேன். பூஞ்சை வாடை. அதில் ஐம்பத்தொன்றாம் இதழ் இருந்தது. விலைபோகாது என்று மலிவுப் பெட்டியில் போடும்போது நழுவி விரிந்தது. வாசகர் கடிதப் பக்கம். அந்தக் காலத்தில் எழுதியவரின் பெயரையும் முழு முகவரியையும் போடுவார்கள். தடிப் புத்தகம் கட்டுகிறவர்கள் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு, கடிதங்களையும் விளம்பரங்களையும் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் அன்று என் கண்ணில் படவில்லை.

நெப்ராஸ்காவில் ஒரு சிற்றூரிலிருந்து ஐடா க்ராம்லிக் என்ற பெண் எழுதியிருந்தார்: "ஆசிரியருக்கு, 47ஆம் இதழில் லிஃப்ட்டில் சிக்கிய பெண் என்ன ஆனாள்? என் கணவர் இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை." கீழே ஆசிரியரின் பதில் இரண்டு வரி: "மன்னியுங்கள் ஐடா, அவளை நாங்கள் மறந்தே போனோம்! இன்றே ஆள் அனுப்பிவிட்டோம்."

அடுத்த வியாழக்கிழமை அதை மற்ற வேலைகளோடு சேர்த்துக் கொடுத்தேன். ஒவ்வொரு இதழோடும் நான் வைத்திருந்த வேலைச் சீட்டை வெர்னா படித்தார்.

"அம்பத்தொண்ணா? இதுல யாரு பொறக்குறா?"

"யாரும் இல்ல."

"சாவு?"

"அதுவும் இல்ல."

"பின்ன எவன்யா இதுக்குக் கூலி கொடுக்குறவன்?" என்று சீட்டைத் திருப்பினார். உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க அவரிடமிருந்து தொலைபேசி வரவில்லை. செவ்வாய்க்கிழமை நானே கூப்பிட்டேன். "வேலை நடக்குது," என்று வைத்துவிட்டார்.

வியாழன் காலை பாதையில் பனி சுத்தமாக ஒதுக்கியிருந்தது. உள்ளே போனால் இரண்டாவது நாற்காலி காலியாக இருந்தது. இரும்புத் தட்டுகள் தரையில், சுவரோரம் அடுக்கியிருந்தன. மற்றவர்களின் வேலைகள் வழக்கம்போல உறையில் போட்டு மேசையில் தயாராக இருந்தன. ஐம்பத்தொன்று மட்டும் வெறும் தாள்மேல், உறையில்லாமல் கிடந்தது. பூஞ்சை வாடை போயிருந்தது. அட்டையின் குறுக்கே இருந்த மடிப்பைக் காணவில்லை. ஒரு டாலர் பெறாத புத்தகத்துக்கு ஆயிரம் டாலர் புத்தகத்தின் வேலை.

"ஆள் அனுப்பியிருக்கோம்னு போட்டிருக்கான்," என்றார் வெர்னா. "போய்ச் சேந்தானான்னு போடலை."

"ஆமா."

"அந்த ஐடா இப்ப இருப்பாளா?"

"இருந்தா தொண்ணூறு தாண்டியிருக்கும்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை வெர்னா காத்திருந்தார்.

"நீ படிச்சியா இதை?"

"கடிதத்தை மட்டும்."

"கதையை?"

"இல்ல."

"ஒன்பது வருஷமா கொண்டாந்து கொடுக்கிறே, ஒண்ணையாவது முழுசாப் படிச்சிருக்கியாப்பா?"

நான் வழக்கம்போல உறைகளை எடுக்கக் கை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"போய்க் கழுவிட்டு வா. மூணு தடவை தொடை."

சமையலறைத் தொட்டியில் சோப்புப் போட்டுக் கழுவினேன். தொட்டி அருகே, எப்போதும் ஒரு கோப்பை இருக்கும் இடத்தில், இரண்டு இருந்தன. துண்டில் மூன்று முறை துடைத்துக்கொண்டு வந்து, காலியான நாற்காலியில் உட்கார்ந்தேன். வெர்னா ஐம்பத்தொன்றை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தி, முதல் பக்கத்தைத் திறந்து, உறையில்லாமல் என் கைகளில் வைத்தார்.