சோறு படாத சாமான்

சாமான் கட்டுவதில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று கலையரசியே சொல்லிக்கொள்வாள். அதில் பொய்யும் இல்லை. குக்கருக்குள் டம்ளர்களை அடுக்கி, டம்ளருக்குள் ஸ்பூன்களைச் செருகி, மிச்ச சந்தில் மிளகாய்த்தூள் டப்பாவை நுழைப்பாள். தோசைக்கல்லைப் பழைய புடவையில் சுற்றிப் பையின் ஓரமாக நிறுத்துவாள். ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனியில் வருஷக்கணக்காக மேல்தோல் தைத்த கை அது. இடம் வீணானால் அதற்குப் பொறுக்காது.

இந்த முறை கட்டியது ஒரு வருஷத்துக்கு. கம்பெனி ராணிப்பேட்டையில் புதிதாக ஒரு யூனிட் திறந்திருந்தது. அங்கே சேர்ந்த புதுப் பெண்களுக்குத் தையல் பழக்க, பழைய யூனிட்டிலிருந்து மூன்று பேரை அனுப்பினார்கள். லைனுக்குப் பொறுப்பு கலையரசி. தைத்துக் காட்ட ஸ்வேதா. செக்கிங்குக்குப் பங்கஜம். ஷிப்ட் நேரத்துக்குத் தினமும் போய்வர முடியாத தூரம் என்பதால் கம்பெனியே ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தது. சமையல் சாமானை மட்டும் உங்களுக்குள் பேசி எடுத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

கலையரசிக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்வேதாவோடு ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் ஒரு வருஷம்! கல்யாணம் ஆனபோதுகூட அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டாளா என்பது புருஷன் ராஜவேலுவுக்குச் சந்தேகம். ஸ்வேதாவும் அவளும் ஏழு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து மெஷின். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் கலையரசியின் டிபனைத் தானே திறந்து, கருவாட்டைப் பொறுக்கித் தின்று, "உன் கைப்பக்குவம் எங்கம்மாவுக்குக் கூட வராது கலை" என்று விரலை நக்குகிறவள் ஸ்வேதா. ஸ்வேதா ஊர்த்தெரு, கலையரசி காலனி. அது இரண்டு பேருக்கும் தெரியும். டிபன் பாக்ஸ் வரைக்கும் வராத சாதி வேறெங்கேயும் வராது என்று கலையரசி தானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். தையலில் அவ்வளவு கெட்டிக்காரி, இதில் இவ்வளவு மண்டு.

பீரோவுக்கு மேல் ஒரு மிக்ஸி இருந்தது. வருஷம் பூரா ஒரு நாள் கூட லீவு போடாததற்குக் கம்பெனி மேடையில் ஏற்றிக் கைதட்டிக் கொடுத்தது. அதைப் பிரிக்க மனசு வராமல் பெட்டியோடு வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். ராணிப்பேட்டை வீட்டில்தான் அதைப் பிரிக்கப் போகிறேன், முதல் சட்னி அதில்தான் என்று வீட்டுக்கு வந்தவர் போனவரிடம் எல்லாம் சொன்னாள்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஸ்வேதா போன் செய்தாள்.

"கலை, யார் யார் இன்னா எடுத்துட்டு வர்றதுன்னு பேசிட்டோம். ஸ்டவ்வு, சிலிண்டரு, குக்கரு, மிக்ஸி எல்லாம் பங்கஜம் அக்கா கொண்டாறாங்க. குண்டான், வாணலி, தவா என்னுது."

"மிக்ஸி நான் எடுத்துட்டு வர்றேன்டி. புதுசு. இட்லிப் பானை, தோசக்கல்லு கூட…"

"அதெல்லாம் வேணாம். இருக்கறதே ஜாஸ்தி. நீ ரெண்டு பக்கெட்டு, மக்கு, தொடப்பம், மாப்பு, குப்பக்கூட, கால்மிதி எடுத்துட்டு வந்துடு. பாத்ரூம் பிரஷ்ஷும் ஒண்ணு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். உன் தட்டு, டம்ளரு மட்டும் தனியா எடுத்துக்கோ."

போனை வைத்த கலையரசிக்கு வாயெல்லாம் பல். பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அல்லாடக் கூடாதென்று தனக்கு லேசான சாமானாகப் பார்த்து ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். ராஜவேலு தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்க்கிறவன். வெந்துபோன விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அதுல சோறு படற சாமான் ஒண்ணாவது இருக்குதா?" என்றான்.

"இன்னா?"

"உனக்குச் சொன்னதுல. பக்கெட்டு, தொடப்பம், கக்கூஸ் பிரஷ்ஷு. நீ குடித்தனம் பண்ணப் போறியா, அவளுங்க கக்கூஸ் கழுவப் போறியா?"

"உனக்கு எப்பப் பாத்தாலும் இதே பேச்சுதான். மனுசங்கள மனுசங்களா பாக்கத் தெரியாது உனக்கு."

ராஜவேலு எண்ணெய் டப்பாவை மூடிவிட்டுப் படுத்துத் தூங்கினான். அவள் மட்டும் ராத்திரி படுத்தபடி பக்கெட், மக், துடைப்பம் என்று விரல் விட்டுப் பார்த்தாள். காலையில் எழுந்ததும் யாரிடமும் சொல்லாமல் குக்கர், தோசைக்கல், வாணலி எல்லாவற்றையும் எடுத்துக் கட்டினாள். இரண்டு பக்கெட்டுக்குள்ளும் பாத்திரம் அடைத்தாள். மிக்ஸிப் பெட்டியைப் பீரோ மேலிருந்து இறக்கிச் சணல் கயிற்றால் கைப்பிடி போட்டாள். நம்பிக்கை போய்விட்டதால் செய்தாளா, போகக் கூடாது என்று செய்தாளா, அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

ராணிப்பேட்டை வீட்டு மாடிப்படியில் அவள் மூச்சு வாங்க ஏறி வந்தபோது பங்கஜமும் ஸ்வேதாவும் ஏற்கெனவே வந்து அடுப்படியை அடுக்கி முடித்திருந்தார்கள். ஷெல்ஃப் முழுக்கப் பேப்பர் விரித்து, விளிம்பு வரைக்கும் பாத்திரம். ஒரு டம்ளர் வைக்க இடமில்லை.

பங்கஜம் கெட்ட வார்த்தை பேசுகிறவள் அல்ல. அப்படிப் பேசினால் திருப்பிப் பேசிவிடலாம். அவள் நாக்கில் சர்க்கரை. "அய்யோ, இன்னாத்துக்கும்மா இவ்ளோ தூக்கிக்கினு வந்தே? நீ எங்க வூட்டுப் பொண்ணு மாதிரி. நாங்க ரெண்டு பேரு ஆக்கிப் போட மாட்டமா? நீ அடுப்படிப் பக்கமே வர வேணாம். கூட்டிப் பெருக்கி, பாத்ரூம மட்டும் சுத்தமா பாத்துக்கோ, போதும்" என்றாள். சொல்லிக்கொண்டே கலையரசியின் குக்கரையும் தோசைக்கல்லையும் காலால் மெல்லத் தள்ளிக் குளியலறை ஓரத்துக்கு நகர்த்தினாள். ஸ்வேதா அந்த நேரம் பார்த்துக் கொத்தமல்லியைக் கிள்ள ஆரம்பித்திருந்தாள்.

அன்றிலிருந்து இதுதான் நடந்தது. காலையில் கலையரசி வீட்டைக் கூட்டுவாள், குளியலறை கழுவுவாள், கீழே இறங்கிக் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டு வந்து அடுப்படி வாசலில் வைப்பாள். அங்கிருந்து பங்கஜம் வாங்கிக்கொள்வாள். சாப்பாட்டு நேரத்தில் கலையரசி தட்டை நீட்ட, கரண்டி தட்டில் படாமல் ஒரு சாண் மேலே இருந்து சோறு விழும். அவள் தட்டை அவள் கழுவிக் குளியலறை ஜன்னலில் கவிழ்க்க வேண்டும். இத்தனையும் சிரித்த முகத்தோடு, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா என்று கேட்டபடி நடந்தது.

கம்பெனி வாசல் தாண்டினால் கதை வேறு. அங்கே பங்கஜம் "கலை மேடம்" என்பாள். லைன் பூராவும் கலையரசி கை காட்டிய பக்கம் ஓடும். ஸ்வேதா மெஷினிலிருந்து நிமிர்ந்து பழையபடி சிரிப்பாள். சாயங்காலம் அதே மூன்று பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு வந்து, மாடிப்படி ஏறியதும் இரண்டு பேர் அடுப்படிக்கும் ஒருத்தி துடைப்பத்துக்கும் பிரிவார்கள்.

பொறுத்துப் பார்த்தவள் ஒரு நாள் சூப்பர்வைசர் மகேந்திரனிடம் போய் நின்றாள். வேறு ரூம் ஒன்று கேட்டாள். ஏன் என்றார். சொன்னாள். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது, அசிங்கம் செய்தது கலையரசிதான் என்பது போல.

"இத பாரும்மா. நம்ம கம்பெனில சாதின்னு ஒண்ணு கெடையவே கெடையாது. இல்லாத ஒண்ண ஆபீசுக்கு நான் இன்னான்னு எழுதறது? பொம்பளைங்க மூணு பேரு ஒரு வூட்ல இருந்தா ஆயிரம் இருக்கும். அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. உன்ன இன்சார்ஜ் போட்டதுக்கே நெறைய பேருக்கு வயித்தெரிச்சல்."

அவள் திரும்பி வந்து லைனில் நின்றாள். இன்சார்ஜ் வேலையை உதறிவிட்டு ஊருக்குப் போனால் ராஜவேலு ஒரு வார்த்தை கேட்கமாட்டான். அந்த ஒரு வார்த்தை கேட்காத முகத்தைப் பார்க்க அவளுக்குத் திராணி இல்லை. அதோடு ஸ்வேதாவைப் பற்றி இன்னும் ஒரு ஆசை இருந்தது. பங்கஜத்துக்குப் பயந்துதான் இப்படி இருக்கிறாள், ஒரு சமயம் வந்தால் நம் பக்கம் நிற்பாள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இந்த ஆசைதான் அவளை அங்கே கட்டிப் போட்டது.

அந்தச் சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது. இட்லி வெந்துகொண்டிருந்தது. தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த பங்கஜத்தின் மிக்ஸி உறுமி, புகை விட்டு நின்றது. பங்கஜம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கலை, உன் மிக்ஸி சும்மாதானே கெடக்குது? எடேன்."

கலையரசி சட்டென்று எழுந்தாள். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டாள். குளியலறை ஓரத்தில் கிடந்த பெட்டியைத் தூக்கி வந்து, சணலை அறுத்து, பிளாஸ்டிக் உறையைக் கிழித்தாள். மோட்டாரைத் துடைத்தாள். ஜார்களைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவி, தன் முந்தானையால் ஈரம் ஒற்றினாள். எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அடுப்படி வாசற்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை.

பங்கஜம் மோட்டாரை மட்டும் வாங்கி மேடைமேல் வைத்தாள். பிறகு ஜார்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கலையரசியின் கையில் அடுக்கினாள்.

"ஜாரு வேணாம்மா. எனக்கும் கம்பெனி குடுத்த மிக்ஸிதான, என் ஜாரே இதுல உக்காரும். மோட்டாரு மட்டும் இருக்கட்டும்."

கலையரசிக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. மோட்டாரில் சட்னி படாது. ஜாரில் படும். மோட்டார் எந்தத் தெருவில் இருந்து வந்தாலும் சுற்றும். உடம்பெல்லாம் கூசியது அவளுக்கு. ஏழெட்டுப் பேர் நடுவில் துணியை உருவியிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது. ஸ்வேதா ஈரத்துணியை எடுத்து, இப்போதுதான் கலையரசி துடைத்த மோட்டாரை மறுபடி துடைத்தாள். பங்கஜத்தின் ஜாரைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டாள்.

கலையரசி பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஸ்வேதா, நீ சொல்லு. என் ஜாருல அரைச்சா இன்னாடி ஆவும்? ஏழு வருஷமா என் சோத்தத் தின்ன வாயிதானே அது. அக்காவ விடு. நீ உன் வாயால சொல்லு."

"இப்ப இன்னாத்துக்குக் கத்தறே? பிளக்கக் குடு. சட்னி அரைச்சதும் உனக்குத்தான் மொதல்ல போடுவேன்."

"சட்னி யாருக்கு வேணும்? பதில் சொல்லு."

ஸ்வேதா பங்கஜத்தைப் பார்த்தாள். பங்கஜம் சிரித்தபடி இட்லித் தட்டைத் திறந்து ஆவியை ஊதிக்கொண்டிருந்தாள். ஸ்வேதாவுக்கு முகம் சிவந்தது. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தத்தளித்தவள் சட்டென்று ஒரு பக்கம் விழுந்தாள்.

"இதுக்குத்தான் உங்கள எல்லாம் வூட்டுக்குள்ள சேக்கறதில்ல."

உன்னை என்றுகூடச் சொல்லவில்லை. கலையரசிக்கு அழுகை வரவில்லை. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து தன் பாயில் வைத்துவிட்டு, சாயங்காலம் வரைக்கும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஸ்வேதாவை அவள் வெறுத்தாள். பங்கஜத்தை வெறுத்ததைவிட அதிகமாக வெறுத்தாள், ஏனென்றால் பங்கஜத்திடம் அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் லைனில் முப்பது புதுப் பெண்கள் சுற்றி நிற்க, ஸ்வேதா மாதிரிக்குத் தைத்த முதல் மேல்தோலைக் கொண்டு வந்து நீட்டினாள். கலையரசி கை நீட்டவில்லை.

"மேசை மேல வெச்சிட்டு தள்ளி நில்லு."

"இன்னா கலை?"

"மேடம்னு சொல்லு. வெச்சிட்டு தள்ளிப் போ. இன்னும் தள்ளி."

ஸ்வேதா வைத்துவிட்டு நகர்ந்தாள். கலையரசி தொடாமல் குனிந்து பார்த்தாள். ஒரு ஸ்கேலின் நுனியால் புரட்டினாள்.

"தப்பு. அவுத்துட்டு வேற தையி."

துணியென்றால் அவிழ்த்து மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை மூடாது. அவிழ்த்த பீஸ் குப்பைக்குத்தான் போகும், தைத்தவள் பெயரில் ரிஜெக்ட் ஏறும். இது ஸ்வேதாவுக்குத் தெரியும், முப்பது பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இரண்டாவது பீஸைக் கொண்டு வந்தாள். வைத்தாள், தானாகவே தள்ளி நின்றாள். தப்பு. மூன்றாவது. தப்பு. செக்கிங் மேசையில் இருந்த பங்கஜம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தனக்கென்ன என்று குனிந்துகொண்டாள். நேற்று யாருக்காக ஸ்வேதா அந்தப் பக்கம் விழுந்தாளோ, அவள் வாயே திறக்கவில்லை.

மத்தியானத்துக்குள் ஸ்வேதாவின் பெயரில் ரிஜெக்ட் வரிசையாக ஏறிவிட்டது. "எல்லாரும் பாக்கறாங்க கலை," என்றாள், குரல் உடைந்து. புதுப் பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். கலையரசிக்கு அந்தச் சிரிப்பு இனித்தது. வயிறு நிறையச் சாப்பிட்டது போல இருந்தது.

"அழுதா தோலு மேல சொட்டும். தள்ளி நின்னு அழு" என்றாள்.

அன்று சாயங்காலம் குப்பைக்கூடையில் கிடந்த மேல்தோல்களில் ஒன்றில்கூடத் தையல் பிசகவில்லை. ஸ்வேதாவுக்கு அந்தக் கையைப் பழக்கிவிட்டதே கலையரசிதான்.